ஹாக்கின்டாஷ்

ஆப்பிள் நிறுவனம் தன் மேக் கணினிகளுக்கென்றே உருவாக்கும் இயங்குதளத்தை, அந்நிறுவனம் தயாரிக்காத சாதாரணக் கணினியில் நிறுவி இயக்கினால் அக்கணினி ஹாக்கின்டாஷ் எனப்படுகிறது. 'ஹாக்', 'மெக்கின்டாஷ்' என்னும் இரு சொற்களின் சேர்க்கையே இப்பெயர். உதிரி பாகங்களை வாங்கி வீட்டிலேயே பூட்டிய கணினிகள் பல இவ்வாறு மாற்றப்பட்டன. 2005இல் தொடங்கிய இம்முயற்சியின் வரலாறு, காசு கொடுத்து வாங்கிய மென்பொருளை எந்தக் கணினியில் இயக்கலாம் என்பதை முடிவு செய்பவர் யார் என்ற கேள்வியின் வரலாறும் ஆகும்.

பின்னணி

மைக்ரோசாஃப்டின் விண்டோஸ் பல நிறுவனங்களின் கணினிகளில் இயங்குவது. ஆப்பிளோ இயங்குதளத்தையும் கணினியையும் ஒரே பொருளாகக் கருதி விற்றது. இதற்கு ஒரு விதிவிலக்கு உண்டு. 1995 முதல் பவர் கம்ப்யூட்டிங் போன்ற சில நிறுவனங்கள் உரிமம் பெற்று மேக் ஒத்த கணினிகளைத் தயாரித்தன. விலை குறைந்த அக்கணினிகள் ஆப்பிளின் சொந்த விற்பனையைப் பாதித்தன. 1997இல் ஸ்டீவ் ஜாப்ஸ் திரும்பி வந்ததும் அத்திட்டம் கைவிடப்பட்டது.

அக்காலத்து மேக் கணினிகளில் பவர்பிசி செயலி இருந்தது. மற்ற மேசைக் கணினிகளில் பெரும்பாலும் இன்டெல் வகைச் செயலி. ஒன்றின் கட்டளைகள் மற்றொன்றுக்குப் புரியா. எனவே மேக் இயங்குதளத்தைக் காக்கத் தனிப் பூட்டு தேவைப்படவில்லை.

இன்டெல் செயலிக்கு மாற்றம்

2005 ஜூன் 6 அன்று, மேக் கணினிகள் இன்டெல் செயலிக்கு மாறும் என ஜாப்ஸ் அறிவித்தார். மென்பொருளாளர்கள் முன்கூட்டியே பழகுவதற்காக, பென்டியம் 4 செயலி கொண்ட சோதனைக் கணினி 999 டாலர் வாடகைக்கு வழங்கப்பட்டது. அதிலிருந்த இயங்குதளம் வெளியே கசிந்தது. டிபிஎம் என்னும் பாதுகாப்புச் சில்லு இருந்தால்தான் முழுமையாக இயங்கும்படி அது அமைக்கப்பட்டிருந்தது. ஆயினும், முதல் இன்டெல் மேக் 2006 ஜனவரியில் வெளிவருவதற்கு முன்பே, ஆர்வலர்கள் அதைச் சாதாரணக் கணினிகளில் இயக்கிக் காட்டினர்.

தொழில்நுட்பத் தடைகள்

செயலி ஒன்றானாலும் மூன்று தடைகள் எஞ்சின.

முதலாவது, தொடக்கம். இன்டெல் மேக் கணினிகள் ஈஎஃப்ஐ என்னும் தொடக்க முறையைக் கொண்டிருந்தன. அன்றைய சாதாரணக் கணினிகளில் இருந்தது பழைய பயாஸ். ஆகவே, ஈஎஃப்ஐ இருப்பது போலக் காட்டும் தொடக்க நிரல்கள் எழுதப்பட்டன. கமீலியன், குளோவர், ஓப்பன்கோர் ஆகியவை இவ்வகையில் அடுத்தடுத்து வந்தவை. கெர்னல் அடங்கிய டார்வின் என்னும் அடிப்பகுதியின் மூலநிரலை ஆப்பிள் வெளியிட்டு வந்ததும் இப்பணிக்குத் துணை செய்தது.

இரண்டாவது, பூட்டு. ஃபைண்டர், டாக் போன்ற முக்கிய நிரல்கள் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தன. அவற்றைத் திறக்கும் சாவி, மேக் கணினியில் உள்ள எஸ்எம்சி என்னும் சில்லில் இருந்தது. இப்பூட்டைக் கையாளும் பகுதிக்கு ஆப்பிள் இட்ட பெயரே 'மேக் ஓஎஸ் எக்ஸைத் திருடாதீர்' என்று பொருள்படும். அச்சில்லைப் போல நடிக்கும் சிறு மென்பொருள் ஒன்றால் இத்தடை தாண்டப்பட்டது.

மூன்றாவது, இயக்கி மென்பொருள்கள். ஆப்பிள் தான் பயன்படுத்திய பாகங்களுக்கு மட்டுமே இவற்றைத் தந்தது. கணினி தொடங்கினாலும் ஒலி வராது, வைஃபை கிடைக்காது, உறக்க நிலைக்குச் சென்றால் மீண்டும் எழாது. எனவே மதர்போர்டும் கிராபிக்ஸ் கார்டும் வாங்கும் முன்பே, அவை ஒத்துவருமா என்று பார்க்க வேண்டியிருந்தது. பல நாள் உழைத்துச் சரிசெய்த கணினி, ஆப்பிளின் அடுத்த புதுப்பிப்போடு நின்றுபோவதும் உண்டு.

சைஸ்டார் வழக்கு

2008 ஏப்ரலில் அமெரிக்காவின் ஃபுளோரிடாவைச் சேர்ந்த சைஸ்டார் நிறுவனம், சுமார் 400 டாலர் விலையில் இத்தகைய கணினிகளை விற்க முன்வந்தது. அதே ஆண்டு ஜூலையில் ஆப்பிள் வழக்குத் தொடர்ந்தது. இயங்குதளத்தின் பிரதிகளை விலை கொடுத்தே வாங்கியதாகவும், வாங்கிய பொருளை மறுபடி விற்கும் உரிமை தனக்கு உண்டு என்றும் சைஸ்டார் வாதிட்டது. ஆனால் ஒரு மூலப் பிரதியை மாற்றியமைத்து, அதிலிருந்தே விற்பனைக் கணினிகளுக்கு அது நகலெடுத்திருந்தது. இது பதிப்புரிமை மீறல் என 2009 நவம்பரில் நீதிபதி வில்லியம் ஆல்சப் தீர்ப்பளித்தார். டிசம்பரில் நிரந்தரத் தடை விதிக்கப்பட்டது. 2011இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் ஆப்பிளின் பக்கமே நின்றது.

இத்தீர்ப்பு வணிக விற்பனையைத் தடுத்ததே தவிர, வீடுகளில் நடந்த முயற்சிகளை நிறுத்தவில்லை. எனினும், ஆப்பிள் கணினியில் மட்டுமே நிறுவலாம் என்ற உரிம நிபந்தனை தனிநபருக்கும் பொருந்துவதே. 2013 முதல் இயங்குதளம் இலவசமாகக் கிடைத்தபோதும் அந்நிபந்தனை தளரவில்லை. இயங்குதளம் இலவசமான பின் ஆப்பிளுக்கு வருவாய் கணினியிலிருந்தே வர வேண்டியிருந்தது என்பதை எண்ணினால் இது வியப்பன்று.

இறுதிக்கட்டம்

சட்டத்தால் நிற்காத முயற்சி செயலி மாற்றத்தால் நின்றது. 2020 ஜூன் 22 அன்று, இன்டெலைக் கைவிட்டுத் தானே வடிவமைத்த செயலிகளுக்கு மாறுவதாக ஆப்பிள் அறிவித்தது. அச்செயலிகள் கடையில் தனியாகக் கிடைப்பவை அல்ல. இன்டெல் கணினிகளுக்கான கடைசிப் பதிப்பு மேக்ஓஎஸ் 26 டாஹோவே என 2025இல் உறுதியாயிற்று.

பயன்

இம்முயற்சியில் ஈடுபட்டோர், ஒரு கணினி உயிர்பெறும்போது படிப்படியாக என்ன நடக்கிறது என்பதைச் செய்து பார்த்தே கற்றனர். அவர்கள் உருவாக்கிய ஓப்பன்கோர், இன்று வேறொரு வகையில் உதவுகிறது. ஆப்பிள் ஆதரவை நிறுத்திய பழைய மேக் கணினிகளில் புதிய பதிப்புகளை நிறுவ, அதை அடிப்படையாகக் கொண்ட ஒரு கருவி பயன்படுகிறது. மேக் அல்லாத கணினிகளுக்காகப் பிறந்த நிரல், இவ்வாறு ஆப்பிளின் சொந்தக் கணினிகளின் ஆயுளையே நீட்டித்து வருகிறது.