மலையை மடித்து வைத்தவர்: விட்டோரியோ செல்லாவின் அகலக்காட்சிகள்

பெரும் மலைத்தொடர் ஒன்றின் எதிரே நிற்பவர் தம்மையறியாமலேயே தலையைத் திருப்புகிறார். இடக்கோடியில் தொடங்கும் பார்வை சிகரம் சிகரமாக நகர்ந்து வலக்கோடியில் போய் நிற்கிறது. பிறகு மீண்டும் திரும்பி வருகிறது. ‘அந்த மலையைப் பார்த்தேன்’ என்று ஊர் திரும்பியபின் அவர் சொல்லும்போது, பல பார்வைகளை மனம் ஒட்டித் தைத்து உருவாக்கிய காட்சியையே குறிப்பிடுகிறார். புகைப்படக் கருவிக்குத் திரும்பிப் பார்க்கும் கழுத்து கிடையாது. சட்டத்துக்குள் அடங்கும் ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிடுகிறது. எதை எடுப்பது, எதை விடுவது என்பதில்தான் புகைப்படக் கலைஞனின் திறமை இருக்கிறது என்பார்கள். எதையும் விட மனமில்லாத ஒருவர் என்ன செய்வார்? இத்தாலியரான விட்டோரியோ செல்லா அறுபது கிலோமீட்டருக்கும் மேல் நீளும் பனியாறுகளின் நடுவே முக்காலியை ஊன்றி நின்றபோது அவர் முன் இருந்த கேள்வி இதுவே.

அவர் கையாண்ட வடிவம் அவருக்கு எழுபது ஆண்டுகளுக்கும் மேல் மூத்தது. ‘எல்லாம்’, ‘காட்சி’ என்று பொருள்படும் இரு கிரேக்கச் சொற்களைச் சேர்த்துப் பிறந்த பெயர் பனோரமா. எடின்பரோவில் வாழ்ந்த ஓவியர் ராபர்ட் பார்க்கர் 1787இல் இவ்வகைக் காட்சிக்குக் காப்புரிமை பெற்றார். 1793இல் லண்டன் லெஸ்டர் சதுக்கத்தில் இதற்கென்றே வட்ட வடிவக் கட்டடம் ஒன்று எழுந்தது. கட்டணம் செலுத்தி உள்ளே சென்றவர்கள் நடுமேடையில் நிற்க, சுற்றுச்சுவர் முழுவதும் நகரங்களும் போர்க்களங்களும் ஓவியமாக விரிந்தன. ஊரைவிட்டு நகராமல் உலகின் நடுவே நிற்பதான மயக்கத்தை அது விற்றது. இன்றைய சொல்லில் கூறினால் அது ஒரு கேளிக்கைத் தொழில்.

புகைப்படம் பிறந்து சில ஆண்டுகளுக்குள், 1845இல், பிரடெரிக் மார்ட்டென்ஸ் என்பவர் லென்ஸ் சுழலும் கருவியொன்றைச் செய்து பாரிஸ் நகரை நீண்ட உலோகத் தகட்டில் பதிவுசெய்தார். 1859 முதல் சுமார் பத்தாண்டுகள் எமே சிவியால் என்ற பிரெஞ்சுக்காரர் ஆல்ப்ஸ் மலையின் அமைப்பை நிலவியலாளர்களுக்குக் காட்டுவதற்காகப் படங்களை வரிசையாக எடுத்து ஒட்டினார். ஆக, செல்லா இத்துறைக்குள் நுழைந்தபோது அகலக்காட்சிக்கு இரண்டு முகங்கள் இருந்தன. ஒன்று வியப்புக்கானது, மற்றது அளவைக்கானது.

செல்லா 1859இல் வட இத்தாலியின் பியெல்லா நகரில், கம்பளி நெசவாலைகளை நடத்திவந்த குடும்பத்தில் பிறந்தார். தந்தை ஜுசேப்பே வெனான்சியோ செல்லா 1856இலேயே இத்தாலிய மொழியில் புகைப்படக்கலை குறித்த முதல் விரிவான நூலை எழுதியவர். சிற்றப்பா குவின்டினோ செல்லா இத்தாலியின் நிதியமைச்சராக இருந்தவர். 1863இல் இத்தாலிய மலையேற்றக் கழகத்தை நிறுவியவரும் அவரே. இருட்டறையின் ரசாயன மணத்தை ஒருவரிடமிருந்தும் பனிமலையின் ஈர்ப்பை மற்றவரிடமிருந்தும் பெற்றுக்கொண்ட பிள்ளை என்று விட்டோரியோவைச் சொல்லலாம். 1882இல் மாட்டர்ஹார்ன் சிகரத்தைக் குளிர்காலத்தில் ஏறிக் கடந்த முதல் குழு அவருடையது.

அக்காலத்தில் மலைமேல் படமெடுப்பது எத்தகைய வேலை என்பதை இன்று கற்பனை செய்வது கடினம். கொலோடியன் எனும் ஈரத்தகட்டு முறையில், கண்ணாடித் தகட்டின்மேல் ரசாயனத்தைப் பூசி, அது உலர்வதற்குள் படமெடுத்து, உலர்வதற்குள்ளேயே கழுவியும் ஆகவேண்டும். எனவே இருட்டறையையே கூடாரமாக்கிச் சுமந்து செல்ல வேண்டியிருந்தது. சாமுவேல் போர்ன் 1866இல் இமயத்தின் மணிராங் கணவாயில், சுமார் 5,600 மீட்டர் உயரத்தில், இம்முறையில்தான் படமெடுத்தார். செல்லாவும் 1879இல் தம் ஊருக்கு அருகிலுள்ள மோன்ட்டே மார்ஸ் சிகரத்திலிருந்து தம் முதல் அகலக்காட்சியை ஈரத்தகடுகளில் முயன்றார். அடுத்த சில ஆண்டுகளில் ஜெலட்டின் பூசிய உலர்தகடுகள் பரவலாகக் கிடைத்தன. முன்கூட்டியே தயாரித்து எடுத்துச்சென்று, வாரங்கள் கழித்துக் கழுவலாம் என்ற நிலை வந்தது. உயரமலைப் புகைப்படத்தின் கதவு திறந்தது அப்போதுதான்.

ஆனால் சுமை குறையவில்லை. படத்தைப் பெரிதாக்கும் வசதி போதாத காலம் அது. பெரிய படம் வேண்டுமென்றால் பெரிய தகடு வேண்டும். செல்லா லண்டனில் டால்மேயர் நிறுவனத்திடம் செய்து வாங்கிய கருவி 30க்கு 40 சென்டிமீட்டர் தகடுகளை ஏற்பது. ஒவ்வொரு தகடும் ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ள கண்ணாடி. எட்டுத் துண்டுகள் கொண்ட ஓர் அகலக்காட்சி என்றால் எட்டுக் கிலோ கண்ணாடி பனிப்பிளவுகளையும் கயிற்றுப் பாலங்களையும் கடந்து, ஒரு கீறலும் விழாமல் ஊர் திரும்பவேண்டும். நீண்ட பயணங்களுக்குச் சற்றுச் சிறிய தகடுகளையும் அவர் கொண்டுசென்றார்.

அகலக்காட்சியின் இலக்கணம் எளிமையானது, நடைமுறை கடுமையானது. முக்காலியைச் சிறிதும் சாயாமல் மட்டமாக நிறுத்தவேண்டும். சாய்ந்தால் திருப்பத் திருப்ப அடிவானம் ஏறவோ இறங்கவோ செய்யும். ஒவ்வொரு தகடும் முந்தைய தகட்டின் ஓரத்தைச் சிறிது மீண்டும் பதியவேண்டும். லென்ஸின் விளிம்பில் கோடுகள் வளையுமாதலால் அந்த மேற்பொருத்தம் இல்லாமல் ஒட்டமுடியாது. ஒளிபதியும் நேரம் எல்லாத் தகடுகளுக்கும் ஒன்றாக இருக்கவேண்டும். ஆனால் ஒரு பக்கம் வெயில் சுடரும் பனிச்சுவர், எதிர்ப்பக்கம் நிழலில் கிடக்கும் கரும்பாறை. இதற்கிடையே சூரியன் நகர்ந்துகொண்டிருக்கும். முதல் தகட்டில் இல்லாத மேகம் ஐந்தாம் தகட்டில் வந்து நிற்கும். ஒரு தகடு பழுதானால் முழு வரிசையும் பாழ். அந்த முகட்டுக்கு மறுபடி ஏறிவருவது பெரும்பாலும் நடவாத காரியம்.

நிற்குமிடத்தைத் தேர்வதும் ஒரு கலை. உச்சியில் நின்று பார்த்தால் சுற்றியுள்ள மலைகள் அமிழ்ந்து தட்டையாகிவிடும். பள்ளத்தாக்கில் நின்றால் முன்னிருக்கும் குன்று பின்னிருக்கும் சிகரத்தை மறைக்கும். எதிர்ச்சரிவின் நடு உயரத்திலிருந்து பார்க்கும்போதே ஒரு மலை தன் முழு ஆகிருதியோடு எழுந்து நிற்கிறது. ருவென்ஸோரி மலைகளுக்கு 1906இல் சென்றபோது செல்லா மேகம் விலகுவதற்காகக் காத்துக்கிடக்க வேண்டியிருந்தது. பொறுமையும் அவருடைய கருவிகளில் ஒன்றாக இருந்தது.

காகசஸ் மலைகளுக்கு மூன்று முறை, 1897இல் அலாஸ்காவின் செயின்ட் எலியாஸ் சிகரத்துக்கு ஒருமுறை என்று பயணம் செய்த செல்லா 1899இல் இந்தியா வந்தார். ஆங்கிலேய மலையேறி டக்ளஸ் ஃப்ரெஷ்ஃபீல்டு தலைமையில் கஞ்சன்ஜங்காவை முழுச் சுற்று வருவது நோக்கம். செல்லாவின் தம்பி எர்மினியோவும் நிலவியலாளர் கார்வுட்டும் உடன் வந்தனர். இந்திய நிலஅளவைத் துறைக்காக 1880களிலேயே அம்மலைப் பகுதிகளில் உலவிய ரின்சின் நம்கியாலும் அவர்களோடு இருந்தார். செப்டம்பரில் டார்ஜிலிங்கிலிருந்து கிளம்பிய குழு ஜேமு பனியாற்றை அடைந்த சில நாட்களில் கடும் மழையும் பனியும் தாக்கின. அந்த மழைதான் டார்ஜிலிங்கில் பெரும் நிலச்சரிவுகளை உண்டாக்கி உயிர்களைப் பலிகொண்டது. மலைமேல் புதுப்பனி ஆழமாக மூடிவிட்டது. சிகரம் ஏறும் எண்ணம் இருந்திருந்தாலும் அது அங்கேயே முடிந்திருக்கும். செல்லாவுக்கோ ஒவ்வொரு விளிம்பும் புதிதாகச் செதுக்கியதுபோல் துலங்கிய மலைகள் கிடைத்தன. சினியோல்சு சிகரத்தை அவர் எடுத்த படம் இன்றும் மலைப் புகைப்படங்களின் முன்வரிசையில் இருக்கிறது. பின்னர் குழு லோனாக் பள்ளத்தாக்கின் வழியே, ஆறாயிரம் மீட்டருக்கும் மேலான ஜோங்சாங் கணவாயைக் கடந்து, அன்று ஐரோப்பியருக்கு மூடிக்கிடந்த நேபாளத்துக்குள் இறங்கிச் சுற்றை முடித்தது. லோனாக் என்ற பெயரை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

பத்தாண்டு கழித்து, 1909இல், அப்ரூட்சிப் பிரபு லூயிஜி அமேதேயோவின் காரகோரப் பயணத்தில் சேர்ந்தபோது செல்லா ஐம்பது வயதை நெருங்கியிருந்தார். 8,611 மீட்டர் உயரமுள்ள கே2 சிகரமே இலக்கு. தென்கிழக்கு முகட்டில் சுமார் 6,250 மீட்டர்வரை முயன்று குழு பின்வாங்கியது. அம்முகடு இன்றும் அப்பிரபுவின் பெயரால் அழைக்கப்படுகிறது. பிறகு சோகோலிசா சிகரத்தில் 7,500 மீட்டரை நெருங்கித் திரும்பினர். 1922வரை மனிதர் ஏறிய உச்ச உயரம் அதுவே. சிகரத்தை எட்டவில்லை என்ற கணக்கில் பார்த்தால் இரண்டும் தோல்விகள். ஆனால் பால்ட்டோரோ பனியாற்றின் வெவ்வேறு முகடுகளிலிருந்து செல்லா எடுத்துவந்த அகலக்காட்சிகளும், நெக்ரோட்டோ என்ற அதிகாரி புகைப்பட அளவை முறையில் உருவாக்கிய நிலப்படமும் அப்பயணத்தின் விளைச்சலாயின. ஃபிலிப்போ டி ஃபிலிப்பி எழுதிய பயண வரலாறு 1912இல் வந்தபோது, மடித்து வைக்கப்பட்ட நீண்ட அகலக்காட்சிகளும் அதனுடன் வெளிவந்தன. வாசகர் தம் மேசையில் மலைத்தொடரை மடிப்பு மடிப்பாக விரிக்கலாம். 1954இல் இத்தாலியர் கே2 உச்சியை அடைந்தது அப்ரூட்சி முகட்டின் வழியாகத்தான்.

இப்படங்களில் மனிதர்கள் அரிதாகவே தென்படுகிறார்கள். தென்பட்டாலும் பனிமேல் ஒரு புள்ளி. மலையின் பிரம்மாண்டத்துக்கு அளவுகோலாக வைக்கப்பட்ட புள்ளி அது. அந்தக் கண்ணாடித் தகடுகளைத் தோளில் சுமந்து பால்ட்டோரோ ஏறிய பால்ட்டிச் சுமைதூக்கிகளின் பெயர்களில் பெரும்பாலானவை எங்கும் இல்லை. செல்லா மனிதர்களைக் காணாதவர் அல்லர். காகசஸில் ஸ்வானெட்டி மக்களை அவர் எடுத்த படங்கள் இன்று அரிய ஆவணங்கள். ஆயினும் ‘ஆளற்ற பெருவெளி’ என்று நாம் ரசிக்கும் ஒவ்வொரு பழைய அகலக்காட்சியும் பல டசன் மனிதர்களின் முதுகில் ஏறி வந்தது. எல்லாவற்றையும் காட்டுவதாகப் பெயர் கொண்ட வடிவத்தில், முக்காலிக்குப் பின்னால் நிற்பவர்களுக்கு மட்டும் இடமில்லை.

செல்லா 1943இல் மறைந்தார். அவருடைய தகடுகள் பியெல்லாவில் செல்லா குடும்பத்தின் அறக்கட்டளையில் பாதுகாக்கப்படுகின்றன. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்சல் ஆடம்ஸ் அவரைப் பெரிதும் மதித்து எழுதினார். கதை அத்துடன் முடிந்திருந்தால் அது கலை வரலாற்றின் ஓர் அத்தியாயமாக நின்றிருக்கும். நமது நூற்றாண்டில் அப்படங்களுக்கு எவரும் எதிர்பாராத வேறொரு பணி வந்து சேர்ந்தது. 2009இல் இத்தாலியப் புகைப்படக் கலைஞர் ஃபாபியானோ வென்ட்டூரா செல்லா நின்ற காரகோர முகடுகளைத் தேடிச்சென்று, அதே இடங்களிலிருந்து படமெடுக்கத் தொடங்கினார். 2011இல் காகசஸுக்கும் சென்றார். 2024இல் மறைந்த அமெரிக்க மலையேறி டேவிட் பிரெஷியர்ஸும் இமயத்தில் இதே முறையைக் கையாண்டு, செல்லாவின் படங்களையும், 1921 எவரெஸ்ட் பயணத்தில் ஆலிவர் வீலர் எடுத்த படங்களையும் இன்றைய காட்சிகளோடு அருகருகே வைத்தார்.

விளைவு எல்லா இடங்களிலும் ஒன்றல்ல. எவரெஸ்டின் வடபுறம் ரோங்புக் பனியாறு பெரிதும் தாழ்ந்துபோயிருக்கிறது. காகசஸில் பனி நாக்குகள் பின்வாங்கி, வெறும் கற்குவியல் கிடக்கிறது. பால்ட்டோரோவிலோ நூறாண்டு இடைவெளிப் படங்கள் வியப்பூட்டும் அளவுக்கு ஒத்திருக்கின்றன. காரகோரப் பனியாறுகள் பல நீண்டகாலம் குன்றாமல் நின்றதை ஆய்வாளர்கள் ‘காரகோர விதிவிலக்கு’ என்பார்கள். உருகியது, உருகாதது இரண்டையும் ஒரே நேர்மையுடன் சொல்வதால் இச்சாட்சியத்தின் மதிப்பு கூடுகிறது.

இப்போது லோனாக்குக்கு வருவோம். செல்லாவும் ஃப்ரெஷ்ஃபீல்டும் 1899இல் கடந்துசென்ற அப்பள்ளத்தாக்கின் தென் லோனாக் பனியாறு, கடந்த சில பத்தாண்டுகளில் பின்வாங்கப் பின்வாங்க, அது விட்டுச்சென்ற பள்ளத்தில் உருகுநீர் தேங்கி ஏரியாகி வளர்ந்தது. 2023 அக்டோபர் 3ஆம் தேதி இரவு, கரையோரக் கற்சரிவு அந்த ஏரிக்குள் இடிந்து விழுந்தது. உடைத்துக்கொண்டு கிளம்பிய வெள்ளம் தீஸ்தா ஆற்றின் வழியே பாய்ந்து, சுங்தாங்கில் 1,200 மெகாவாட் நீர்மின் திட்டத்தின் அணையை அடித்துச்சென்றது. பல உயிர்கள் போயின. பனியாற்றின் விளிம்பு எங்கே இருந்தது, எவ்வளவு நகர்ந்தது என்ற கேள்வி அந்த இரவுக்குப்பின் வெறும் அறிவியல் ஆர்வமாக இல்லை. ஆற்றங்கரையில் வீடு கட்டுபவரின் கேள்வியாகிவிட்டது.

செல்லா காலநிலை மாற்றத்தைப் பதிவுசெய்யக் கிளம்பியவர் அல்லர். அவர் தேடியது மலையின் அழகையும் வடிவத்தையும். சிகரத்தை மட்டும் சட்டத்தில் அடைத்து எடுத்திருந்தால் அவருக்கு நல்ல படங்கள் கிடைத்திருக்கும். நமக்குப் பனியாற்றின் ஓரம் கிடைத்திருக்காது. அழகற்ற கற்குவியல், அழுக்கேறிய பனிவிளிம்பு, பெயரற்ற பக்கவாட்டுச் சரிவு ஆகியவை எல்லாம் சிகரத்துக்கும் சிகரத்துக்கும் இடையே ஒட்டிக்கொண்டு வந்தவை. எடுத்தவர் முக்கியமென்று கருதாத அந்த இடைவெளிகளையே இன்று ஆய்வாளர்கள் உருப்பெருக்கி வைத்துப் படிக்கிறார்கள்.

இன்று கைப்பேசியை இடமிருந்து வலமாக அசைத்தாலே போதும், அகலக்காட்சி கிடைத்துவிடுகிறது. மலைவாசஸ்தலங்களின் காட்சிமுனைகளில் அது அன்றாட வழக்கம். பொருந்தாதவற்றை மென்பொருளே சரிசெய்து, சேர்ந்த இடம் தெரியாமல் பூசிவிடும். செல்லாவின் அச்சுகளை உற்றுப்பார்த்தால் ஒரு தகடு முடிந்து அடுத்தது தொடங்கும் மெல்லிய கோடு சில இடங்களில் தெரியும். அந்தக் கோடுகளுக்கு இடையே சூரியன் சற்று நகர்ந்திருக்கிறது, நிழல் ஒரு விரற்கடை நீண்டிருக்கிறது. எங்கே நின்றார், எந்தத் திசையிலிருந்து எந்தத் திசைவரை திரும்பினார் என்பது தெளிவாகத் தெரிவதால்தான் நூறாண்டு கழித்து இன்னொருவரால் அதே பாறையைக் கண்டுபிடித்து அங்கே போய் நிற்க முடிந்தது. மலைக்குச் செல்லும் நண்பர்கள் அகலக்காட்சி எடுக்கையில் இடத்தையும் நாளையும் குறித்துவைப்பது நல்லது. சிகரத்தைத் தாண்டி, அதன் காலடியில் கிடக்கும் அழுக்குப் பனியையும் சேர்த்தே எடுங்கள்.