வியர்வையும் ஆவியும்: சவுனா வெப்பத்தை உடல் தாங்கும் விதம் பற்றிய ஆய்வின் வரலாறு

பின்லாந்தின் பழைய சவுனாவுக்குப் புகைபோக்கி கிடையாது. மரக்கட்டைகளால் கட்டிய சிறிய அறை; மூலையில் அடுக்கிய கற்கள்; அவற்றின் அடியில் பல மணி நேரம் எரியும் விறகு. தணல் அடங்கிப் புகை வெளியேறிய பிறகே ஆட்கள் உள்ளே போவார்கள். சுவரெல்லாம் கரி படிந்திருக்கும். கற்கள் மட்டும் மணிக்கணக்கில் சூடு ஆறாமல் கிடக்கும். அவற்றின் மேல் அகப்பையால் தண்ணீர் ஊற்றும்போது எழும் ஆவியை பின்னிஷ் மொழியில் ‘லொய்லு’ என்கிறார்கள். ஆதியில் உயிர், மூச்சு என்று பொருள்பட்ட சொல் அது. வீட்டிலேயே சுத்தமான, கதகதப்பான இடம் அதுதான் என்பதால் பிரசவமும் அங்கேயே நடந்தது; இறந்தவரைக் குளிப்பாட்டியதும் அங்கேதான். பின்னாளில் புகைபோக்கியும் மின் அடுப்பும் வந்தன. கல்லும் தண்ணீரும் மாறவில்லை.

இன்றைய சவுனாவில் காற்றின் வெப்பம் பெரும்பாலும் 80 முதல் 100 டிகிரி செல்சியஸ் வரை இருக்கும். 37 டிகிரியில் இயங்கும் உடல் அதைத் தாங்குவது எப்படி என்பதற்கு ஐரோப்பிய மருத்துவத்திடம் நெடுங்காலம் சரியான விடை இல்லை. உடலைவிடச் சூடான காற்றில் உயிர் தரிக்காது என்று டச்சு மருத்துவர் போர்ஹாவே நம்பினார். அவர் கேட்டுக்கொண்டபடி ஒரு சர்க்கரை ஆலையின் உலர்த்தும் அறையில், சுமார் 63 டிகிரியில், சிட்டுக்குருவி, பூனை, நாய் மூன்றையும் விட்டுப் பார்த்தார்கள். மூன்றும் இறந்தன. சோதனையை 1732இல் வெளியான தம் வேதியியல் நூலில் அவர் பதிவு செய்தார். வியர்வை ஆவியாவதே உடலைக் குளிர்விக்கிறது என்ற கருத்தை பெஞ்சமின் பிராங்க்ளின் 1758இல் ஒரு கடிதத்தில் எழுதினார். மண்பானைத் தண்ணீரைக் குளிர வைப்பதும் இதே விதிதான்: ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 2.4 கிலோஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது.

இதை நேரில் சோதித்தவர்கள் லண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஃபோர்டைஸும் சார்லஸ் பிளாக்டனும். 1774இல் நடந்த சோதனைகளில் இயற்கையியலாளர்கள் ஜோசப் பேங்க்ஸ், சொலாண்டர் போன்றவர்களும் பங்கெடுத்தார்கள். உலர்ந்த அறையின் வெப்பத்தைப் படிப்படியாக ஏற்றி 127 டிகிரி வரை கொண்டுபோனார்கள். பிளாக்டன் அதில் எட்டு நிமிடம் இருந்தார். அதே அறையில் தகரச் சட்டத்தில் வைத்த முட்டைகள் இருபது நிமிடத்தில் கெட்டியாக வெந்துபோயின, மாட்டிறைச்சியும் வெந்தது. இரண்டு பாத்திரங்களில் தண்ணீர் வைத்தார்கள். திறந்திருந்தது கொதிக்கவில்லை, எண்ணெய்ப் படலம் மூடியது கொதித்தது. ஆவியாக வழியிருந்தால் தண்ணீர்கூடத் தன் வெப்பத்தை அடக்கிக்கொள்ளும் என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

ஆயினும் சவுனாவைப் புரிந்துகொள்ள அதிகம் உதவுவது அதற்கு முன் ஃபோர்டைஸ் தனியாகச் செய்த சோதனையே. அவர் ஆவி நிறைந்த அறைக்குள் போனார். வெப்பம் 50 டிகிரியை ஒட்டித்தான் இருந்தது. அதற்குள் உடல் முழுவதும் நீர் வழிந்தோடியது. அது வியர்வைதானா என்ற ஐயம் அவருக்கு வந்தது. உடல் வெப்பத்தில் இருந்த தண்ணீரை ஒரு கண்ணாடிக் குடுவையில் நிரப்பி அறைக்குள் வைத்தார். குடுவைக்கு வியர்க்காது, ஆனாலும் அதன் மேல் நீர் படிந்தது, துடைத்தால் மறுபடி படிந்தது. அப்படியானால் தோலில் வழிந்ததிலும் பெரும்பகுதி அறையின் ஆவியே. படியும் ஆவி வெப்பத்தை எடுப்பதில்லை, கொடுக்கிறது. கல்லில் ஓர் அகப்பைத் தண்ணீர் விழுந்த மறுகணம் முதுகு சுரீரென்று சுடுவதன் காரணம் இதுவே. வெப்பமானியோ அந்த நேரத்தில் பெரிதாக ஏறுவதில்லை.

ஈரக் காற்றில் உடல் எவ்வளவு வெப்பத்தைத் தாங்கும் என்பதற்கு 1905இல் உடலியங்கியலாளர் ஜே. எஸ். ஹால்டேன் ஓர் எல்லையை வகுத்தார். ஆழமான, புழுக்கமான சுரங்கங்களை ஆராய்ந்த அவர், வெப்பமானியின் குமிழை ஈரத்துணியால் சுற்றி எடுக்கும் அளவுதான் முக்கியம் என்றார். அசையாத காற்றில் அது சுமார் 31 டிகிரியைத் தாண்டினால், சும்மா இருக்கும் மனிதனின் உடல் வெப்பமும் ஏறத் தொடங்குகிறது. கடலோர ஊர்களின் வெயில் உள்நாட்டு வெயிலைவிட வாட்டுவதும் இதனால்தான்.

உடல் வெப்பத்துக்குப் பழகவும் செய்யும். ஒன்றிரண்டு வாரம் தொடர்ந்து வெப்பத்தில் இருந்தால் இரத்தத்தின் நீர்ப்பகுதி கூடுகிறது. வியர்வை சீக்கிரம் சுரக்கிறது, அதில் உப்புக் குறைகிறது. உயிரணுவுக்குள் நடப்பது தற்செயலாகவே தெரியவந்தது. இத்தாலிய உயிரியலாளர் ஃபெருச்சோ ரிட்டோசாவின் ஆய்வகத்தில் பழ ஈக்கள் இருந்த பெட்டியின் வெப்பத்தை யாரோ கூட்டிவிட, அவற்றின் குரோமோசோம்களில் புதிய புடைப்புகள் தோன்றின. 1962இல் அதை வெளியிட்டார். அந்த மரபணுக்கள் உண்டாக்கும் வெப்ப அதிர்ச்சிப் புரதங்கள் 1974இல் அடையாளம் காணப்பட்டன. வெப்பத்தால் உருக்குலையும் பிற புரதங்களை மடிப்புக் கலையாமல் காப்பது அவற்றின் வேலை. பாக்டீரியா முதல் மனிதன் வரை அவை இருக்கின்றன.

குளிரில் உடல் நேர்மாறாக இயங்குகிறது: தோலின் இரத்தக் குழாய்கள் சுருங்குகின்றன, தசை நடுங்குகிறது. சவுனாவிலிருந்து நேரே, உறைந்த நீர்நிலையின் பனியில் வெட்டிய துளைக்குள் இறங்கும்போது மூச்சு திடீரென இழுக்கும். இதயத் துடிப்பும் இரத்த அழுத்தமும் சட்டென ஏறும். இதய நோயாளிகளுக்கு இது ஆபத்து.

சவுனா உடல்நலத்துக்கு நல்லது என்ற பேச்சுக்கு வலுவான அடிப்படை கிழக்குப் பின்லாந்தின் குவோபியோ வட்டாரத்திலிருந்து வந்தது. நடுவயது ஆண்கள் 2,315 பேரை ஏறத்தாழ 20 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வு 2015இல் வெளியானது. வாரம் ஒருமுறை சவுனாவுக்குப் போனவர்களோடு ஒப்பிட்டால், நான்கு முதல் ஏழு முறை போனவர்களிடம் திடீர் இதய மரணம் 63 சதவீதம் குறைவு. இந்த எண் எங்கும் மேற்கோளாகிறது; அதன் வரம்பை யாரும் சேர்த்துச் சொல்வதில்லை. இது கவனித்து எழுதிய ஆய்வு, சோதனை அன்று. அடிக்கடி சவுனாவுக்குப் போக முடிந்தவர் முன்பே ஆரோக்கியமாக இருந்தவராகவும் இருக்கலாம். பெண்கள் அந்தக் கணக்கில் இல்லை. அளவு மீறினால் சவுனாவும் ஆபத்தே. பின்லாந்தின் ஹெய்னோலா நகரில் 1999 முதல் நடந்த சவுனாப் போட்டியில் கற்களின் மேல் இடைவிடாமல் தண்ணீர் விழும், யார் கடைசி வரை உட்கார்ந்திருப்பது என்பதே பந்தயம். 2010 இறுதிச் சுற்றில் 110 டிகிரியில் ஒருவர் இறந்தார். அதோடு போட்டி நின்றது. பின்லாந்தின் சவுனாப் பண்பாட்டை யுனெஸ்கோ 2020இல் தன் பட்டியலில் சேர்த்தது. அந்தப் பண்பாட்டில், சூடு போதும் என்று தோன்றியவர் எழுந்து வெளியே போய்க் குளிர்ந்துவிட்டுத் திரும்புவார்.