பண்டிகைப் பந்தியில் பன்றித்தொடை

நத்தார்ப் பண்டிகையன்று இங்கிலாந்திலும் ஐக்கிய அமெரிக்காவிலும் பல இல்லங்களிலே பந்தியின் நடுவிடத்தைப் பெறுவது போறணையில் வாட்டி எடுத்த ஒரு பன்றித்தொடையாகும். 'ஹாம்' என்பது அதன் பெயர். உப்பிட்டுப் பதப்படுத்திய பின்தொடையை முதலில் நீரில் ஊறவைத்து, மெல்லிய சூட்டிலே நெடுநேரம் அவித்து, தோலை உரித்து, வெளித்தெரியும் வெண்கொழுப்பிலே கத்தியாற் குறுக்கும் நெடுக்குமாகக் கீறுவர். கீற்றுகள் ஒன்றையொன்று சந்திக்கும் இடந்தோறும் ஒரு கராம்பைக் குத்துவர். பழுப்புச் சீனியையேனும் தேனையேனும் கடுகுடன் குழைத்து மேலே பூசி, மீண்டும் போறணையில் வைப்பர். சீனி உருகிக் கொழுப்புடன் கலந்து, பொன்னிறமும் பளபளப்பும் வாய்ந்த மேற்பூச்சாக இறுகும். வீட்டுத் தலைவர் அதனை மெல்லிய துண்டுகளாக அரிந்து வழங்குவது பழைய வழக்கம்.

பன்றியிறைச்சியை விலக்கிய சமயத்தவரும், புலாலையே விலக்கியவரும் இலங்கையிற் பலர் உளர். எனினும், உண்ணாதவரும் அறியத்தக்க வரலாறு ஒன்று இவ்வுணவின் பின்னே இருக்கின்றது. உப்பு, புகை, கராம்பு, சீனி ஆகிய நான்கும் வெவ்வேறு காலங்களில், வெவ்வேறு வழிகளால் அந்தத் தட்டை வந்தடைந்தன. அவற்றைக் கொணர்ந்தவர் யார், பதப்படுத்தியவர் யார், உண்டவர் யார் என்று வினவினால், பண்டிகைக் கொண்டாட்டத்தின் மறுபுறமும் கண்ணிற்படும்.

முதலில் உப்பைக் கருதலாம். ஐரோப்பாவின் குளிர்நாடுகளில் இலையுதிர்காலம் கழிந்ததும் மேய்ச்சல் அருகிவிடும். மாரி முழுவதும் கால்நடைகளுக்குத் தீனி போடுதல் ஏழைக் குடியானவனுக்கு இயலாத காரியம். பன்றிகளோ இலையுதிர்காலத்திற் காட்டிலே ஓக்கு மரங்களின் கொட்டைகளைத் தின்று கொழுத்திருக்கும். ஆகவே மாரியின் தொடக்கத்தில் அவற்றைக் கொன்று இறைச்சியைச் சேமித்து வைத்தனர். இடைக்கால ஐரோப்பியர் தீட்டிய மாதப் படங்களிலே, நவம்பரில் ஒருவன் கோலினால் மரத்தை அடித்துப் பன்றிகளுக்குக் கொட்டைகளை உதிர்ப்பதையும், டிசம்பரிற் பன்றியைக் கொல்வதையும் இன்றுங் காணலாம். குளிர்காலத்தைத் தேர்ந்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. உப்பு தசையினூடே சென்று எலும்பை அடையப் பல நாட்கள் செல்லும். வெயில் காலமாயின், உப்பு உள்ளே செல்லுமுன்னரே இறைச்சி அழுகிவிடும்.

உடனே உண்ணத்தக்க பாகங்களை உண்டு, தொடைகளையும் விலாப்புறங்களையும் உப்பிலிட்டனர். மாரித் தொடக்கத்தில் உப்பிட்ட தொடை உயிர்த்த ஞாயிறுப் பண்டிகைக்குப் பதமாகும். நன்கு காய்ந்ததாயின் அடுத்த நத்தார் வரையும் நிற்கும். பசிக்கு அஞ்சிச் சேமித்த பொருளே பின்னர்ப் பண்டிகைப் பொருளாயிற்று.

இம்முறை மிகப் பழமையானது. உரோம நாட்டின் கேட்டோ என்பார் கி. மு. 160ஆம் ஆண்டளவில் இயற்றிய வேளாண்மை நூலின் இறுதிப் பகுதியிலே தொடையை உப்பிடும் முறையை விரிவாக வகுத்துள்ளார். தொடை ஒன்றுக்கு அரை மோடியசு, அதாவது ஏறக்குறைய நான்கு லீற்றர், உப்பு வேண்டும். சாடியின் அடியில் உப்பைப் பரப்பித் தொடைகளை அடுக்கி, ஒவ்வோர் அடுக்கையும் உப்பால் மூடவேண்டும். ஐந்து நாட்களின் பின் மேலிருப்பதைக் கீழும் கீழிருப்பதை மேலுமாக மாற்றி, பன்னிரண்டாம் நாளில் வெளியே எடுத்து, உப்பைத் துடைத்து, இரண்டு நாள் காற்றிலே தொங்கவிட வேண்டும். பின்னர் எண்ணெய் பூசி இரண்டு நாள் புகையிலிட்டு, எண்ணெயும் வினாகிரியும் தடவிச் சேமிக்க வேண்டும். அங்ஙனஞ் செய்தால் அந்தும் புழுவும் தீண்டா என்கிறார் அவர். இருபத்தோரு நூற்றாண்டுகள் கழிந்த பின்னரும் இம்முறையின் அடிப்படை மாறவில்லை.

உப்பு இறைச்சியிலுள்ள நீரை வெளியே இழுத்து, அழுகச் செய்யும் நுண்ணுயிர்களை வளரவிடாது தடுக்கின்றது. பிற்காலத்தில் உப்புடன் சிறிது வெடியுப்பையும் சேர்த்தனர். அது இறைச்சியின் செந்நிறத்தை நிலைபெறச் செய்ததை அனுபவத்தால் அறிந்திருந்தனரேயன்றிக் காரணத்தை அறிந்திலர். வெடியுப்பு நுண்ணுயிர்களால் மாற்றமடைந்து, இறைச்சியின் செம்பொருளோடு சேர்ந்து அந்நிறத்தைத் தருகின்றது என்பதை 1901ஆம் ஆண்டிலே ஜோன் ஸ்கொற் ஹால்டேன் என்னும் அறிஞர் விளக்கினார்.

உப்பிட்ட தொடைக்கு இனிப்புப் பூச்சு வந்த கதையும் உரோமரிடமே தொடங்குகின்றது. அப்பீசியசு என்பவரின் பெயரால் வழங்கும் பழைய சமையல் நூலொன்று உண்டு. அதிலே, தொடையை உலர்ந்த அத்திப்பழங்களோடும் மூன்று புன்னையிலைகளை ஒத்த வாசனை இலைகளோடும் அவித்து, தோலை நீக்கி, கட்டங்கட்டமாகக் கீறி, கீற்றுகளிலே தேனை நிரப்பி, எண்ணெய் சேர்த்துப் பிசைந்த மாவினாற் பொதிந்து, மா வேகும்வரை போறணையில் வைக்கும்படி கூறப்பட்டுள்ளது. கட்டங்கட்டமான கீற்றும், இனிப்பும், போறணையும் அன்றே உண்டு. கடும் உப்பைத் தணிப்பதற்கு இனிப்பு வேண்டியிருந்தது.

கராம்பு வந்த வழி கடல்வழி. கராம்பு மரம் முற்காலத்தில் இந்தோனேசியாவின் மொலுக்காத் தீவுகளில் மட்டுமே வளர்ந்தது. அங்கிருந்து மேற்கே சென்ற கப்பல்கள் இலங்கைத் துறைமுகங்களைத் தொட்டே சென்றன. மன்னாருக்கு அண்மையிலுள்ள மாந்தையில் நடந்த அகழாய்விற் கண்டெடுத்த ஒரு கராம்பு, கி. பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்ட காலத்தது என 2018ஆம் ஆண்டில் ஆய்வாளர் வெளியிட்டனர். எங்கோ ஒரு தீவில் ஒருவர் பறித்து உலர்த்திய மொட்டு, ஆயிரம் ஆண்டுகளாக மாந்தை மண்ணிலே கிடந்திருக்கின்றது.

வாசனைத் திரவியத்தின் இலாபம் பெருகவே, கொடுமையும் பெருகிற்று. போர்த்துக்கேயர் 1512ஆம் ஆண்டில் மொலுக்காத் தீவுகளை அடைந்தனர். 1605ஆம் ஆண்டில் ஒல்லாந்தக் கம்பனியார் அம்போயினாவைக் கைப்பற்றினர். கராம்பை அம்போயினாவிலும் அதனை அடுத்த சில தீவுகளிலும் மட்டுமே வளர்க்கலாம் என்று விதித்து, ஏனைய இடங்களில் நின்ற மரங்களை வெட்டி வீழ்த்தினர். விலையை உயர்த்தி வைப்பதே அவர் நோக்கம். மரத்தை நம்பி வாழ்ந்த தீவினர் வாழ்வையும் மரத்தோடு இழந்தனர். 1770ஆம் ஆண்டில் பியர் புவாவர் என்னும் பிரெஞ்சு அதிகாரியின் முயற்சியாற் கராம்புக் கன்றுகள் மொரீசியசுத் தீவை அடைந்தபோது அத்தனியுரிமை தளர்ந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே சன்சிபார்த் தீவு கராம்புக்குப் பேர்பெற்றது. அங்கும் தோட்டங்களில் உழைத்தோர் அடிமைகளே.

சீனியின் கதையும் அதுவே. 1640களிலே ஆங்கிலேயர் பார்படோசுத் தீவிற் கரும்புத் தோட்டங்களை வளர்த்தனர். ஆபிரிக்காவிலிருந்து விலங்கிட்டுக் கொணர்ந்த மக்களின் உழைப்பினாலே, செல்வர்க்கு மட்டும் உரியதாயிருந்த சீனி நாளடைவில் எளியோர் வீட்டுக்கும் வந்தது. தேன் இருந்த இடத்திற் பழுப்புச் சீனியும் அமர்ந்தது.

இந்த நான்கு வழிகளும் சந்தித்த இடங்களுள் ஒன்று வட அமெரிக்காவின் வேர்ஜினியா. 1607ஆம் ஆண்டில் அங்குக் குடியேறிய ஆங்கிலேயர் பன்றிகளையும் கொண்டு சென்றனர். அவை காட்டிலே திரிந்து பெருகின. 1619ஆம் ஆண்டில் ஆபிரிக்க மக்கள் அங்கு முதன்முதலாகக் கொண்டுவந்து விற்கப்பட்டனர். வேர்ஜினியாவின் பெருந்தோட்டங்களிலே பன்றியைக் கொல்வதும், உப்பிடுவதும், புகைக்கொட்டிலில் ஹிக்கரி விறகின் புகை அணையாது காப்பதும், பின்பு அடுக்களையில் அதனைச் சமைப்பதும் பெரும்பாலும் அம்மக்களின் வேலையாயின.

1786ஆம் ஆண்டு யூன் மாதத்தில் ஜோர்ஜ் வொஷிங்டன், பிரான்சிலிருந்த தம் நண்பர் லாபயெற்றுக்கு ஒரு கடிதம் வரைந்தார். தம் மனைவியார் ஒரு பீப்பாய் வேர்ஜினியாத் தொடைகளை அன்பளிப்பாக அனுப்புவதையும், வேர்ஜினியாப் பெண்கள் தாம் பதப்படுத்தும் இறைச்சியின் சிறப்பைக் குறித்துப் பெருமை கொள்வோர் என்பதையும் அதிற் குறிப்பிட்டார். அதே ஆண்டின் பெப்ரவரி மாதத்தில் அவர் தம் மவுண்ட் வேர்ணன் தோட்டத்து அடிமைகளின் பெயர்களைப் பட்டியலிட்டிருந்தார். அப்பட்டியலிற் சமையற்காரன் என்று ஹேர்க்கியூலிஸ் என்பவரின் பெயர் காணப்படுகின்றது. பெருமை கடிதத்திலும், பெயர் சொத்துப் பட்டியலிலும் இடம்பெற்றன.

வொஷிங்டன் சனாதிபதியாயிருந்த காலத்தில் ஹேர்க்கியூலிஸைப் பிலடெல்பியா நகருக்கு அழைத்துச் சென்றார். அங்கே அவர் சமையற் கலையில் வல்லவரெனப் புகழ்பெற்றார். பென்சில்வேனியா மாநிலத்தின் 1780ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஆறு மாதம் தொடர்ந்து அங்குத் தங்கிய அடிமை விடுதலை கோரலாம். அதனைத் தவிர்க்கும் பொருட்டு, வொஷிங்டன் தம் அடிமைகளைத் தவணைதோறும் வேர்ஜினியாவுக்கு அனுப்பி மீண்டும் அழைத்துவந்தார். 1796ஆம் ஆண்டின் இறுதியில் ஹேர்க்கியூலிஸ் அடுக்களையை விட்டு நீக்கப்பட்டு, மவுண்ட் வேர்ணனிலே மண்வெட்டுவோருடன் வேலைக்கு விடப்பட்டார். 1797ஆம் ஆண்டு பெப்ரவரி 22ஆம் நாள், வொஷிங்டனின் பிறந்தநாளன்று, அவர் தப்பிச் சென்றார்.

சில வாரங்களின் பின் அவ்வீட்டுக்கு வந்த விருந்தினருள், பிற்காலத்திற் பிரான்சின் மன்னரான லூயி பிலிப்பும் ஒருவர். தந்தையை இனிக் காண முடியாதே என்று வருந்துகின்றாயா என அவருடைய பணியாள் ஹேர்க்கியூலிஸின் சிறு மகளைக் கேட்டான். தான் மிக மகிழ்வதாகவும், தந்தை இப்பொழுது சுதந்திரமானவர் என்பதே அதற்குக் காரணம் என்றும் அச்சிறுமி விடை கூறியதை லூயி பிலிப் தம் நாட்குறிப்பில் எழுதி வைத்தார். வொஷிங்டனின் மரணசாசனப்படி ஹேர்க்கியூலிஸ் பின்னர்ச் சட்டத்தாலும் விடுதலை பெற்றார். பிள்ளைகளோ வேறொரு குடும்பச் சொத்தைச் சேர்ந்தவராகையால் அடிமைகளாகவே இருந்தனர்.

வேர்ஜினியாவை அடுத்த மேரிலாந்தில் அடிமையாய்ப் பிறந்து, 1838ஆம் ஆண்டிலே தப்பி, பெரும் பேச்சாளராய் விளங்கியவர் பிரெடெரிக் டக்ளஸ். 1845ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் வரலாற்றிலே, வளர்ந்த அடிமை ஒருவருக்கு மாதமொன்றுக்குக் கிடைத்த உணவு எட்டு இறாத்தல் பன்றியிறைச்சி அல்லது அதற்கீடான மீன், ஒரு புசல் சோளமா ஆகியவையே என்று குறித்துள்ளார். நத்தாருக்கும் புத்தாண்டுக்கும் இடைப்பட்ட நாட்களில் அடிமைகளுக்கு ஓய்வு கொடுத்தனர். அவ்வோய்வு கருணையால் வந்ததன்று என்றும், கிளர்ச்சி எழாது தணிக்கும் உபாயமே என்றும் அவர் கண்டித்தார். பண்டிகையின் பொருள் பந்தியில் அமர்ந்தவனுக்கு ஒன்றாகவும், பரிமாறியவனுக்கு வேறாகவும் இருந்தது.

அமெரிக்காவில் அடிமைமுறை 1865ஆம் ஆண்டில் ஒழிந்தது. இருபதாம் நூற்றாண்டிலே குளிரூட்டும் பொறிகள் பரவின. உப்புநீரை ஊசியால் ஏற்றும் முறையும் வந்தது. மாதங்கள் எடுத்த வேலை சில நாட்களில் முடிகின்றது. இன்று கடைகளில் விற்கும் தொடைகளுட் பல முன்பே வெந்தவை. அவற்றை ஊறவைக்கவும் வேண்டுவதில்லை. உப்பின் கடுமை போனபோதிலும் சீனிப் பூச்சும் கராம்பும் போகவில்லை. தேவையாற் பிறந்தது வழக்கமாய் நிலைத்துவிட்டது.

வேர்ஜினியாவின் ஸ்மித்பீல்ட் என்னும் சிற்றூர் இத்தொழிலுக்குப் பெயர்பெற்றது. அவ்வூர்ப் பெயரைத் தாங்கும் தொடை அவ்வூரிலேயே பதப்படுத்தப்பட வேண்டும் என்றும், அதற்குரிய பன்றி நிலக்கடலை தின்று வளர்ந்ததாக இருக்க வேண்டும் என்றும் அம்மாநிலம் 1926ஆம் ஆண்டிற் சட்டம் இயற்றிற்று. நிலக்கடலை பற்றிய விதி 1966ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. ஊரின் பெயரைக் காக்கச் சட்டம் பிறந்தது நன்றே. புகைக்கொட்டிலில் இரவெல்லாம் கண்விழித்தோரின் பெயர்களோ, எஞ்சியிருந்தால், பழைய சொத்துப் பட்டியல்களிலேதான் கிடக்கின்றன. அவற்றைத் தேடி எடுத்து வாசிப்பதும் வரலாறு கற்போரின் கடமையாகும்.