திறந்த நிரலும் மூடிய பதிவேடும்

அறிவை மறைத்துக் காப்பதா, யாவர்க்கும் வழங்குவதா என்னும் வினா புதியதன்று. சித்த மருத்துவ ஏடுகள் பலவற்றில் சரக்குகளின் பெயர்கள் பரிபாஷைச் சொற்களால் மறைக்கப்பட்டுள்ளன. தகாதோர் கையில் மருந்து நஞ்சாகாதிருக்க அம்மறைவு உதவிற்று. ஆனால், உரிய மாணாக்கனின்றி ஆசிரியர் மறைந்தவிடத்து அவரறிவும் அவரோடு மறைந்தது. அதே வினா நம் காலத்தில் கணினி உலகிலும் எழுந்தது.

கணினிக்கு இடும் கட்டளைகளின் கோவையை மூலநிரல் என்பர். வணிக நிறுவனங்கள் அதனை மறைத்து வைக்கத் தலைப்பட்ட காலத்தில், 1983ஆம் ஆண்டு அமெரிக்கரான ரிச்சர்ட் ஸ்டால்மன் குனு என்னும் முயற்சியை அறிவித்தார். நிரலை எவரும் படிக்கவும், திருத்தவும், பிறர்க்கு வழங்கவும் உரிமை வேண்டும் என்பதே அவர் கொள்கை. அந்நெறி நம் தீவில் ஒரு பெருந்துயரின் நடுவே சோதிக்கப்பட்டது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இலங்கையில் 30,000க்கும் மேற்பட்டோரின் உயிரைக் கவர்ந்தது. மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையே, குருக்கள்மடம் முதலிய ஊர்கள் அமைந்த எங்கள் எழுவான்கரை பட்ட அவலம் நேயர்கள் அறிந்ததே. காணாமற் போனோர் யாவர், எம்முகாமில் எத்தனை பேர், எவ்வுதவி எங்கே தேவை என்னும் விவரங்கள் ஓரிடத்தில் ஒருங்கே கிடைக்கவில்லை. அவ்வேளை கொழும்பிலிருந்த கணினி வல்லுநர் பலர் ஊதியம் கருதாது கூடிச் சஹானா என்னும் மென்பொருளை ஆக்கினர். சிங்களத்தில் நிவாரணம் என்பது அதன் பொருள். அதன் நிரல் உலகோர் யாவர்க்கும் திறந்துவிடப்பட்டது. ஆதலாற்றான் 2005இல் பாகிஸ்தான் நிலநடுக்கத்தின் போதும், 2006இல் பிலிப்பைன்ஸ் மண்சரிவின் போதும் பிற நாட்டவர் அதனை எடுத்தாள முடிந்தது. ஸ்டால்மன் நிறுவிய கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை 2006ஆம் ஆண்டுக்குரிய சமூகப்பயன் விருதினை அதற்கு அளித்தது.

ஆயின், நிரல் திறந்திருக்கலாம். அந்நிரல் தாங்கிய பெயர்களும் திறந்திருக்கலாமோ? தாய் தந்தையரை இழந்த பிள்ளையின் பெயரும், அது தங்கிய முகாமும் தீயோர் கண்ணிற் பட்டால் விளைவு என்னாகும்? 2002இல் போர்நிறுத்தம் ஏற்பட்டிருந்தும் அச்சம் தணியாத காலம் அது. பெயர்ப் பட்டியல் என்றாலே எம்மவர் நெஞ்சு நடுங்கியது. ஆகவே, யார் எதனைப் பார்க்கலாம் என்னும் வரம்புகளும் அத்தகைய மென்பொருளுக்கு இன்றியமையாதனவாயின.

இவ்வுண்மையை 1883இலேயே கெர்க்கோஃப்ஸ் என்னும் டச்சு அறிஞர் மறையெழுத்துக் கலையைப் பற்றி எழுதுகையில் உணர்த்தினார். பூட்டின் அமைப்பைப் பகைவரும் அறியலாம். திறவுகோல் மட்டும் மறைவாயிருந்தாற் போதும் என்பது அவர் கருத்தின் சாரம்.

சில வேளை நிரலைப் பற்றிய செய்தியே சிறிது காலம் மறைய வேண்டியதாகும். இணையப் போக்குவரத்தைக் காக்கும் ஓப்பன் எஸ்எஸ்எல் என்னும் திறந்த நிரலில் ஹார்ட்பிளீட் எனப்பட்ட குறை ஈராண்டுகள் திருத்தப்படாது கிடந்தது. கண்டவர் அதனை உடனே பறைசாற்றவில்லை. திருத்தம் ஆயத்தமான பின்னரே, 2014 ஏப்ரல் 7ஆம் நாள் உலகறியச் செய்தனர். திறந்திருந்தால் மட்டும் போதாது, ஊன்றிப் படிப்போரும் வேண்டும் என்பதையும் அந்நிகழ்ச்சி காட்டிற்று.

இன்று பாடசாலைகளும் செயலகங்களும் நம் விவரங்களைக் கணினியில் ஏற்றி வருகின்றன. அக்கணினி எவ்வாறு இயங்குகிறது என்று கேட்பதும், நம் பிள்ளைகளின் பெயர்களை யார் பார்க்கின்றனர் என்று கேட்பதும் நம் கடமையாகும். கருவி ஊருக்குப் பொதுவாகலாம்; அதில் எழுதப்பட்ட மனிதன் பொதுவல்லன்.