நியூசிலாந்தின் பெற்றோர் கூட்டுறவு மழலையர் மையங்கள்

பள்ளி வயதை எட்டாத குழந்தைகளுக்கான மையமொன்றைப் பெற்றோரே கூடி நடத்தும் முறை நியூசிலாந்தில் "பிளேசென்டர்" எனப்படுகிறது. விளையாட்டு மையம் என்பது இதன் பொருள். இங்கு தனி உரிமையாளர் கிடையாது. குழந்தையைச் சேர்க்கும் குடும்பமே மையத்தின் உறுப்பினராகவும் நிர்வாகியாகவும் ஆகிறது.

தோற்றம்

முதல் மையம் 1941ஆம் ஆண்டு தலைநகர் வெலிங்டனின் புறநகரான கரோரியில் தொடங்கியது. பியாட்ரிஸ் பீபி, ஜோன் வுட், இங்கே ஸ்மிதெல்ஸ் ஆகிய மூவர் இதற்கு முன்னின்றனர். அது இரண்டாம் உலகப் போர்க் காலம். ஆண்கள் பலர் போர்முனைக்குச் சென்றுவிட, கைக்குழந்தைகளுடன் தாய்மார் வீட்டில் தனித்து விடப்பட்டனர். குழந்தைகளுக்கு விளையாட்டுத் துணையும் தாய்மாருக்குச் சிறிது ஓய்வும் தேவைப்பட்டன. சிலர் முறைவைத்துக் குழந்தைகளைக் கவனித்துக்கொண்டால் மற்றவர்களுக்கு ஓய்வு கிடைக்கும் என்பதே தொடக்கத்தில் இருந்த எளிய ஏற்பாடு.

இதற்குக் கல்விச் சிந்தனையின் பின்புலமும் உண்டு. 1937இல் நியூசிலாந்தில் நடந்த புதுக்கல்வி மாநாட்டில், விளையாட்டே குழந்தையின் கற்றல் வழி என்று வலியுறுத்திய ஆங்கிலேய உளவியலாளர் சூசன் ஐசக்ஸ் உரையாற்றினார். அக்கருத்துகள் படித்த பெற்றோரிடையே பரவியிருந்தன. 1948இல் மையங்களின் கூட்டமைப்பு உருவானபோது கல்வியாளர் குவென் சாமர்செட் அதன் முதல் தலைவரானார்.

பொறுப்புப் பகிர்வு

மையம் திறந்திருக்கும் நாள்களில் சில பெற்றோர் முறைப்படி பணியில் இருப்பர். மணல், தண்ணீர், களிமண், வண்ணம், தச்சுக் கருவிகள் ஆகியவற்றைக் காலையில் எடுத்து வைப்பதும், குழந்தைகளோடு இருந்து கவனிப்பதும், முடிவில் கழுவி அடுக்குவதும் அவர்கள் பணி. தொடக்க கால மையங்கள் பல தேவாலயக் கூடங்களில் இயங்கியதால், ஒவ்வொரு முறையும் எல்லாவற்றையும் விரித்துத் திரும்பக் கட்டி வைக்க வேண்டியிருந்தது.

தலைவர், செயலாளர், பொருளாளர் ஆகியோர் பெற்றோரிலிருந்தே தேர்ந்தெடுக்கப்படுகின்றனர். கணக்கு எழுதுதல், நிதி திரட்டுதல், பொருள்களைப் பழுதுபார்த்தல் ஆகியவையும் பங்கிடப்படுகின்றன. குழந்தை வளர்ச்சி பற்றிய பயிற்சி வகுப்புகளில் பெற்றோர் சேர்ந்து படிப்படியாகத் தகுதி பெறுகின்றனர். குழந்தை பள்ளிக்குச் சென்றதும் அக்குடும்பம் விலகிவிடும் என்பதால், பொறுப்பை அடுத்தவருக்குக் கற்றுத்தந்து ஒப்படைப்பதும் கடமையாகிறது.

மாவோரி மக்களிடையே

1960களில் மாவோரிக் கல்வி அறக்கட்டளையின் அலுவலரான லெக்ஸ் கிரே, மாவோரிச் சமூகங்களில் இம்மையங்கள் தொடங்கத் துணைநின்றார். அங்கே தாய் தந்தையரோடு பாட்டி, அத்தை எனச் சுற்றத்தாரும் பங்கேற்றனர். 1982இல் மாவோரி மொழியை அழிவிலிருந்து காக்க "கோஹங்கா ரேயோ" என்னும் மொழிக்கூடுகள் எழுந்தன. அவையும் குடும்பத்தார் நடத்தும் அமைப்புகளே.

எதிர்ப்பட்ட சிக்கல்கள்

பயிற்சி பெற்ற ஆசிரியர் இன்றிச் சாதாரணப் பெற்றோர் கல்வி தர இயலுமா என்னும் கேள்வி தொடக்கம் முதலே எழுந்தது. 2007இல் அரசு மூன்று, நான்கு வயதுக் குழந்தைகளுக்கு வாரம் 20 மணி நேரம் கட்டணமற்ற கல்வித் திட்டத்தைக் கொண்டுவந்தபோது, அது ஆசிரியர் நடத்தும் மையங்களுக்கே பொருந்தியது. பெற்றோர் நடத்தும் மையங்களுக்கு 2010இல்தான் நீட்டிக்கப்பட்டது.

மற்றொரு சிக்கல் நேரம். இம்முறை பெரிதும் தாய்மாரின் ஊதியமற்ற உழைப்பைச் சார்ந்து வளர்ந்தது. பெண்கள் ஊதியப் பணிக்குச் செல்லத் தொடங்கியதும், முழுநாள் பராமரிப்பு தரும் மையங்கள் பெருகின; பகலில் ஓரிரு மணி நேரம் வந்து பணிசெய்யக்கூடிய பெற்றோர் குறைந்தனர். உறுப்பினர் குறையும்போது, எஞ்சிய சிலர் மீதே முழுச்சுமையும் விழுகிறது.

ஆயினும் இம்மையங்கள் இன்றும் இயங்குகின்றன. குழந்தைகளோடு பெற்றோரும் கற்கிறார்கள் என்பதே இவற்றின் தனிச்சிறப்பு. கூட்டம் நடத்தவும், கணக்குக் காட்டவும், மாற்றுக் கருத்தைக் கேட்டு இணங்கி முடிவெடுக்கவும் பெண்கள் பலர் முதன்முதலாகப் பழகிய இடம் இதுவே.