எம்178 எஞ்சின்

எம்178 என்பது ஜெர்மனியின் மெர்சிடிஸ்-ஏஎம்ஜி நிறுவனம் 2014இல் அறிமுகப்படுத்திய, இரட்டை டர்போசார்ஜர் கொண்ட வி8 பெட்ரோல் கார் எஞ்சின்.

வகை: நேரடி எரிபொருள் உட்செலுத்தல் முறையில் இயங்கும் நான்கு வீச்சு எஞ்சின். எட்டு சிலிண்டர்களும் 90 பாகைக் கோணத்தில் இரு வரிசைகளாக அமைந்துள்ளன. சிலிண்டர் விட்டம் 83 மி.மீ., பிஸ்டன் வீச்சு 92 மி.மீ., கொள்ளளவு 3,982 க.செ.மீ.

வடிவமைப்பு: டர்போசார்ஜர்கள் எஞ்சினின் வெளிப்புறத்தில் இல்லாமல், இரு வரிசைகளுக்கு இடைப்பட்ட ‘வி’ பள்ளத்துக்குள் உள்ளன. வெளியேறும் புகை குறுகிய தூரத்திலேயே டர்பைனை அடைவதால் வேகமிதிக்கு எஞ்சின் விரைந்து இணங்குகிறது; இந்த அமைப்பால் அதன் அகலமும் குறைகிறது. மசகு எண்ணெய் தனித் தொட்டியில் இருப்பதால் எஞ்சினைத் தாழ்வாகப் பொருத்த முடிகிறது. கடும் வளைவுகளிலும் எண்ணெய் வரத்து தடைபடுவதில்லை. அலுமினிய சிலிண்டர்களின் உட்சுவரில் உராய்வைக் குறைக்கும் ‘நானோஸ்லைடு’ இரும்புக்கலவைப் பூச்சு உள்ளது.

வரலாறு: டர்போசார்ஜர்களை உட்புறம் வைக்கும் முறையை பி.எம்.டபிள்யூ 2008இலேயே தன் என்63 எஞ்சினில் கையாண்டது. எம்178 முதலில் ஏஎம்ஜி ஜிடி காரில் இடம்பெற்றது; அதில் 462, ஜிடி எஸ் வகையில் 510 குதிரைத்திறன் தந்தது. 2020இல் வந்த பிளாக் சீரிஸ் காரில் தட்டை வடிவக் கிராங்க் தண்டுடன் 730 குதிரைத்திறனை எட்டியது.

தயாரிப்பு: அஃபால்டர்பாக் ஆலையில் ஒவ்வொரு எஞ்சினையும் ஒரே தொழிலாளி முழுமையாகக் கோத்தார், அவருடைய கையொப்பத் தகடு எஞ்சின் மேல் பதிக்கப்பட்டது.