மணிமேகலை அளவைப் பகுதியில் 'தன்மம்'

மணிமேகலையின் இருபத்தொன்பதாம் காதையில், கச்சி மாநகரத்தே அறவண அடிகள் மணிமேகலைக்கு உபதேசிக்கும் அளவை இலக்கணம் நியாயப்பிரவேசம் என்னும் வடமொழித் தருக்க நூலோடு நெருங்கிய உறவுடையது என்பதும், அவ்விரண்டனுள் முந்தியது எது என்னும் வழக்கு பழையது என்பதும் யாவரும் அறிந்தனவே. அவ்வழக்கினுள் யான் புகவில்லை. என் மறுப்பு வேறொன்றைப் பற்றியது. தமிழ்ச்சொல் எய்தாத இடங்களிலெல்லாம் வடசொல்லின் ஒலியைத் திரித்து அடுக்கிவைத்ததே இப்பகுதி என்றும், ஆகையால் இதன்கண் மொழிபெயர்ப்போனது விவேகத்தைத் தேடுதல் வீண் என்றும் ஒரு சாரார் கூறிவருகின்றனர். 'தர்மம்' என்னும் ஒரு சொல்லை இக்காதை ஆளும் முறையை நிதானமாக நோக்கிய அளவிலேயே அக்கூற்று நிலைபெறாது என்பது என் துணிபு.

வடமொழியில் அச்சொல் ஒழுக்கத்தையும், புண்ணியத்தையும், புத்தர் அருளிய போதனையையும் குறிப்பதோடு, தருக்க நூலாரிடத்தே ஒரு பொருளைச் சார்ந்து நிற்கும் இயல்பு என்னும் முற்றிலும் வேறான அர்த்தத்தையும் பெறுகிறது. மலையின்கண் எழும் புகை மலையின் தர்மம். சத்தத்தின் அநித்தியத் தன்மை சத்தத்தின் தர்மம். அவற்றைத் தாங்கும் மலையும் சத்தமும் தர்மிகள். இவ்விடத்துப் புண்ணியமும் இல்லை, பாவமும் இல்லை. அங்ஙனமிருக்க, இரண்டு அர்த்தங்களையும் ஒரே ஆசிரியன் ஒரே நூலில் வேற்றுமொழிக்குக் கொண்டுவர நேர்ந்தால் என் செய்வான்?

இதே சங்கடம் பிற நாட்டாருக்கும் நேர்ந்தது. காஞ்சியைப் பற்றி எழுதிவைத்த சீன யாத்திரிகராகிய யுவான் சுவாங், நியாயப்பிரவேசத்தை 647இல் சீனத்தில் பெயர்த்தபோது, சட்டம், நெறி என்னும் பொருளில் அம்மொழியில் முன்னரே வழங்கிய 'ஃபா' என்ற சொல்லையே இயல்பு என்னும் தருக்கப் பொருளுக்கும் நீட்டினார். திபெத்தியரும் புத்த போதனையைக் குறிக்கும் 'சோஸ்' என்ற தம் சொல்லையே இரண்டிற்கும் ஆண்டனர். ஒரு மூலச்சொல்லுக்கு ஒரு பெயர்ப்புச்சொல் என்னும் நியமத்தை அவர்கள் காத்தனர். அதன் பயனாக, தருக்கம் பயிலும் மாணவன் அச்சொல்லின் நெறிப்பொருளை வலிந்து மறக்க வேண்டியவனானான்.

தமிழாசிரியன் அவ்வாறு செய்யவில்லை. அவன் கையில் 'அறம்' என்னும் சொல் ஆயத்தமாக இருந்தது; காப்பியம் முழுவதும் அதனை அவன் தாராளமாக வழங்கியுள்ளான்; உபதேசிக்கும் அடிகளின் பெயரிலேயே அது அமைந்திருக்கிறது. எனினும் அளவைப் பகுதியில், இயல்பு என்னும் பொருளில், அச்சொல் தலைகாட்டவில்லை. பக்க தன்மம், சாத்திய தன்மம், சாதன தன்ம விகலம், தன்மச் சொரூப விபரீத சாதனம் என்று வரிசையாக வருமிடமெங்கும் 'தன்மம்' என்பதே ஆட்சி பெறுகிறது. தமிழ்ச்சொல் கிட்டாமையால் நேர்ந்தது இது என்பார், அதே பகுதியில் அனுமானம் 'கருத்தளவு' ஆனதையும், சத்தம் அநித்தம் என்பதற்கு உரிய ஏது 'பண்ணப்படுதலால்' என்று தெளிந்த தமிழில் அமைந்ததையும், புகைக்கும் நெருப்புக்கும் உதாரணமான மடைப்பள்ளி 'அடுக்களை' ஆனதையும், 'தொடர்ச்சி', 'மீட்சி' என்பன பரிபாஷைச் சொற்களாக உயர்ந்ததையும் எவ்வாறு சமாதானம் செய்வர்? பொருளைச் சிதைக்காத தமிழ்ச்சொல் கிடைத்தபோது அதனை ஏற்றவன், 'அறம்' என்பதை விலக்கியது அறிந்தே விலக்கியதாகும். புகையை மலையின் அறம் என்று சொல்ல அவன் செவி உடன்படவில்லை.

இதற்கு எதிராக நிறுத்தக்கூடிய வலிய சான்று ஒன்று உண்டு. அதனை மறைத்தல் முறையன்று. அடுத்த காதையின் தொடக்கத்திலேயே மும்மணிகளைக் குறிக்குமிடத்துப் புத்தன், சங்கம் என்பவற்றோடு 'தன்மம்' என்ற அதே வடிவம் வந்து, போதனை என்னும் பொருளைத் தருகிறது. ஆகவே தன்மம் இயல்புக்கும் தருமம் போதனைக்கும் உரியன என்று வடிவத்தால் வரையறுக்கும் எளிய தீர்ப்பு செல்லாது. யான் கூறுவதும் அதுவன்று. பிராகிருதச் சாயலுள்ள அவ்வடிவம், மூலத்தைப் போலவே, பல பொருளுக்கும் இடங்கொடுக்கும் பொதுச்சொல்லாக நிற்கிறது. மும்மணியோடு சேர்ந்தபோது போதனையையும், தன்மி, சாத்தியம், பக்கம் என்பவற்றோடு சேர்ந்தபோது இயல்பையும் அது உணர்த்துகிறது. இருபத்தேழாம் காதையில் சமணனாகிய நிகண்டவாதி கூறும் 'தன்மாத்திகாய'மோ, இயக்கத்திற்குத் துணையாகும் ஒரு திரவியம். 'அறம்' என்பதற்கு இந்த நெகிழ்ச்சி இல்லை. தெரிவு நிகழ்ந்தது வடிவங்களுக்கிடையே அன்று, பொதுச்சொல்லுக்கும் உரிமைச்சொல்லுக்குமிடையே.

'பக்கம்' என்பதை ஒப்பிட்டால் இது பின்னும் தெளிவாகும். மலை நெருப்புடைத்து என்னும் முழுப் பிரதிக்ஞையும் பக்கம். 'பக்க தன்மம்' என்னும்போதோ அது மலையை மட்டுமே சுட்டும், ஏனெனில் புகை மலைக்கு உரியதேயன்றிப் பிரதிக்ஞைக்கு உரியதன்று. இவ்விரட்டைப் பொருளை ஆசிரியன் அப்படியே விட்டான். முழுமையின் பெயரை உறுப்புக்கு உபசாரமாக வழங்கியது என்று பௌத்த தருக்க ஆசிரியராகிய திக்நாகரின் மரபினரே அதற்கு அமைதி கூறியிருத்தலால், அது சாஸ்திரத்தின் உள்ளேயே எழுந்த மயக்கம். பெயர்ப்போன் தீர்க்க வேண்டுவதன்று. 'அறம்' கொண்டுவரும் மயக்கமோ சாஸ்திரத்திற்குப் புறத்தேயிருந்து வருவது.

யாப்பு நெருக்கடியே 'அறம்' வாராமைக்குக் காரணம் என்பார்க்கு, காப்பியத்தின் ஏனைய அகவலடிகளில் அச்சொல்லுக்கு இடங்கொடுத்த யாப்பு இங்கு மட்டும் எங்ஙனம் மறுத்தது என்று வினவுதலே போதிய விடை. இப்பகுதி இடைச்செருகல் என்பாரது கூற்று என் வாதத்தைத் தீண்டுவதில்லை. செருகியவன் ஒருவன் உளனாயின், அவனும் இவ்விவேகம் உடையவனே.

1898இல் உ. வே. சாமிநாதையர் அச்சேற்றிய இந்நூலை இனிப் பதிப்பிப்போர், தன்மம் என்னும் வடிவத்தைத் தருமம் என்று சீர்திருத்துதல் தகாது. அருஞ்சொல் அகராதியில் அதற்கு 'அறம்' என்று ஒரே பொருள் எழுதுவதையும் விடுத்து, போதனை, இயல்பு, இயக்கத் துணைத் திரவியம் என மூன்று பொருளையும் தனித்தனியே, அவை பயிலும் காதைகளோடு காட்டுதல் வேண்டும்.